நிழல் தாருங்கள், மெழுகு முகம் வருகிறது

செம்பையும் வெள்ளீயத்தையும் காய்ச்சிச் சேர்த்துச் சிலையாய் வார்க்கும் கரங்களுக்குச் சொந்தக்காரரும், சுழலும் நாற்காலி கொடுத்தும் ஒருமுறைகூடச் சுழலாமல் கட்டுப்பாடு காக்கும் அவைத்தலைவருமான வார்ப்புப் பட்டறை ஐயா அவர்களே. முன்வரிசையில் மூட்டுவலியோடும் முகமலர்ச்சியோடும் வீற்றிருக்கும் மூத்தோர்களே. "பிள்ளை படம் வரையுது" என்று சொன்னால் "அது சரி, வேலைக்கு என்ன பண்ணுது" என்று கேட்கும் உலகத்தில், அப்படிக் கேட்காமல் வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே. கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் தந்தைமார்களே. மாடிச் சுவரில் படங்கள் தொங்க, இங்கே சுவரோரம் தாங்கள் தொங்கிக்கொண்டிருக்கும் என் சக கலைஞர்களே. மின்விசிறிக்கு நேர் கீழே இடம்பிடித்த சாமர்த்தியசாலிகளே, இடம் தவறிய தியாகிகளே. மூன்றாவது வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு "இவ என்ன பேசித் தொலைக்கப்போறாளோ" என்று சாமி கும்பிட்டுக்கொண்டிருக்கும் என்னைப் பெற்றவரே. உங்கள் அனைவருக்கும், இந்தக் கூட்டுக் கண்காட்சியில் வயதில் சிறியவளும் வாயில் பெரியவளுமான என் வணக்கம்.

கைதட்டாதீர்கள். தட்டினால் எனக்குப் பேச்சு கூடும், தலைவருக்கு இரத்த அழுத்தம் கூடும்.

மேடை ஏறும்போது தலைவர் என் காதோடு சொன்னது இவ்வளவுதான்: "நன்றி சொல்லு, இறங்கிடு." சொல்கிறேன், இறங்குகிறேன். ஆனால் சொல்வதற்கும் இறங்குவதற்கும் நடுவில் ஒரு முகம் இருக்கிறது. அந்த முகத்துக்கு என்ன ஆயிற்று என்று காலையிலிருந்து கேட்காதவர்கள் இல்லை. பேசக்கூடியவர்கள் எல்லோரும் பேச்சிழந்து நிற்பதால், பேசக்கூடாதவளைப் பேச விட்டிருக்கிறார்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இந்தக் கண்காட்சியின் முதல் நாள், மாடிப்படி ஏறியதும் இடதுபக்கச் சுவரில் ஒரு படைப்பைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பாக, உருண்டையாக, உயரமாக. கீழே ஒரு அட்டையில் 'கனலுக்குக் காத்திருக்கும் மௌனம்' என்று தலைப்பு. எத்தனை பேர் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டீர்கள்? ஒரு பெரியவர் கண் கலங்கினார். அன்பர்களே, அது தீயணைப்புக் கருவி. அட்டை மட்டும்தான் என் கைவண்ணம்.

பின்வரிசையில் ஒருவர் தன் கைப்பேசியை எடுத்துப் பழைய படங்களைத் தேடுகிறார். வேண்டாம் ஐயா, அழிக்காதீர்கள். நன்றாகவே விழுந்திருக்கிறீர்கள்.

ஆகவே என் பெயர் இங்கே வாலு. வாலுக்கு இன்று ஆடத் தெரியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நாம் உட்கார்ந்திருக்கும் இந்தக் கீழ்க்கூடத்துக்கு மேலே இருப்பது எப்படிப்பட்ட மண்டபம்? போன மாதம்வரை துணி மூட்டைகள் தூங்கிய கிடங்கு. இன்று கம்பியிலே குதிரை ஓடுகிறது, சணலிலே கடல் அடிக்கிறது. பகலெல்லாம் பயணச்சீட்டு கிழித்துவிட்டு மாலையில் வண்ணம் குழைக்கும் நடத்துநர் ஒருவர், பேருந்து ஜன்னலில் பார்த்த வயல்களைப் பச்சை தவிர வேறு நிறமே படைக்கப்படவில்லை என்பதுபோல் வரைந்து மாட்டியிருக்கிறார். அவர் எங்கள் பச்சையண்ணன். தன் முடிதிருத்தும் நிலையத்தில் உடைந்த கண்ணாடிகளை எல்லாம் சேர்த்து, வளைந்த பலகை ஒன்றில் ஒட்டி, அதன் முன்னால் நின்றால் ஒரு முகம் நூறு முகமாய்த் தெரியும்படி செய்திருக்கிறார் இன்னொருவர். அவர் கண்ணாடி மாமா. காகிதத்தில் வாய்களை மட்டும் வெட்டி, கொட்டாவி விடும் வாய், புறணி பேசும் வாய், 'எனக்கு எதுக்கு வம்பு' என்று மூடிக்கொண்ட வாய் என்று நூலில் கட்டித் தொங்கவிட்டிருப்பவள் அடியேன்.

நடுக்கூடத்தில், உயரமான மரப்பீடத்தில், ஒரு தலை. ஒரு பெண்ணின் தலை. முழுக்க முழுக்க மெழுகு.

அதைச் செய்தவர் எங்கள் மெழுகக்கா. பொய்ப்பல் கட்டும் கூடத்தில் வேலை. பல் இழந்தவர்களின் வாய்க்கு முதலில் மெழுகில் பல்வரிசை செதுக்கி, சரிபார்த்து, பிறகுதான் கடினமான பொருளில் அதை வார்ப்பார்கள். நாளெல்லாம் யார் யாருடைய சிரிப்பையோ செதுக்கும் அந்தக் கை, தன் வீட்டில் காணாமல்போன ஒரு சிரிப்பைச் செதுக்க உட்கார்ந்தது. அது அக்காவின் தங்கை. பள்ளி இறுதி வகுப்பில் இருந்தபோது காய்ச்சல் வந்து போய்விட்ட தங்கை. பல வருடங்கள் ஆகிவிட்டன. அவள் இறந்த வாரமே அவர்களுடைய அம்மா வீட்டில் இருந்த புகைப்படங்களை எல்லாம் எடுத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். பெயரைச் சொன்னாலும் எழுந்து போய்விடுவாராம்.

படம் இல்லை, பேச்சு இல்லை. அக்கா நினைவிலிருந்தே செய்தார். நெற்றி, மூக்கு, கன்னம் எல்லாம் மெழுகு. ஆனால் சிரிக்கும்போது தெரியும் அந்த முன்பல் இருக்கிறதே, பக்கத்துப் பல்லின் மேல் லேசாகச் சாய்ந்த முன்பல், அதை மட்டும் மெழுகில் செய்ய மனம் வரவில்லை. பல்வரிசையைத் தன் தொழில் முறைப்படி, பொய்ப்பல் செய்யும் பொருளிலேயே செய்து உள்ளே பதித்தார். இதை மறக்காதீர்கள். பிறகு தேவைப்படும்.

முதல் நாளே நம் தலைவர் அந்தத் தலையின் முன் நின்றார். வெகுநேரம் நின்றார். திரும்பி, "அம்மாடி, இதை என் பட்டறையில வெண்கலத்துல வார்த்துத் தரேன்" என்றார். அக்கா பீடத்தைப் பிடித்துக்கொண்டார். மெழுகைச் சுற்றி மண் பூசிச் சுட்டால் மெழுகு உருகி ஓடிவிடும், அந்த இடத்தில் உலோகம் நிறையும். வெண்கலம் என்றால் என்ன என்று நினைக்கிறீர்கள்? எங்களைப் போல் இப்போதுதான் முளைவிடுகிறவர்களுக்கு வெண்கலம் என்பது கனவிலும் தயக்கத்தோடு வருவது. ஒரு வெண்கலச் சிலை இருந்தால் அக்கா பொழுதுபோக்குக்காரி அல்ல, சிற்பி. அக்கா எங்களிடம் சொன்னார்: "கடைசி நாள் அம்மா வரேன்னு ஒத்துக்கிட்டாங்க. என்ன செஞ்சிருக்கேன்னு சொல்லலை. பார்த்துட்டு எழுந்து போனாலும் போகட்டும். ஒரு தடவை பார்க்கட்டும்."

கடைசி நாள் என்றால் இன்று. இனி நேற்றைக் கேளுங்கள்.

கடைசி இரண்டு நாளில்தான் கூட்டம் வரும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கூட்டம் வருகிறது என்றால் கலைஞன் என்ன செய்வான்? தன் படத்துக்கு வெளிச்சம் தேடுவான். பச்சையண்ணன் காலையிலேயே ஆரம்பித்தார். "இந்த டியூப்லைட்டுல என் வயலெல்லாம் பாசி பிடிச்ச தொட்டி மாதிரி தெரியுது. எனக்கு வெயில் வேணும்." மேற்கு ஜன்னலின் கனத்த திரையைக் கம்பியோடு கழற்றி மூலையில் சுருட்டிவைத்தார். கண்ணாடி மாமா சும்மா இருப்பாரா? "ஜன்னல் திறந்தாச்சுன்னா என் கண்ணாடி ஏன் சுவத்தைப் பார்க்கணும்" என்று வளைந்த பலகையை ஜன்னலைப் பார்த்துத் திருப்பினார். நான் சும்மா இருப்பேனா? மின்விசிறிக் காற்றில் என் வாய்கள் எல்லாம் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன என்று நடுக்கூடத்து மின்விசிறியை நிறுத்தினேன்.

திரையைக் கழற்றியவர் தன் படத்தைப் பார்த்தார். பலகையைத் திருப்பியவர் தன் பலகையைப் பார்த்தார். விசிறியை நிறுத்தியவள் தன் வாய்களைப் பார்த்தாள். பக்கத்தில் இருப்பதை யார் பார்த்தது? நடுவில் இருந்த முகத்தை யார் பார்த்தது?

ஒருவரும் பார்க்கவில்லை. மதியம் மண்டபத்தைச் சாத்திவிட்டு எல்லோரும் கீழே முற்றத்தில் சாப்பிட உட்கார்ந்தோம். அக்கா, "நாளைக்கு அம்மா வந்ததும் யாரும் பேசக்கூடாது, முக்கியமா வாலு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சீக்கிரமே சாப்பிட்டு முடித்து நான் மட்டும் மேலே ஏறினேன். காரணத்தை மறைக்கப்போவதில்லை. பச்சையண்ணனின் பிய்ந்த செருப்பு மண்டப வாசலில் கிடந்தது. அதன் பக்கத்தில் 'முடியாத பயணம்' என்று ஒரு அட்டை வைக்கத்தான் போனேன். வைத்தேன். கதவைத் திறந்தேன்.

மண்டபம் அடுப்படி போல் கொதித்தது. ஜன்னல் வழியாக வந்த வெயில் மாமாவின் வளைந்த பலகையில் விழுந்து, அத்தனை கண்ணாடித் துண்டுகளும் அந்த வெயிலை அள்ளி அள்ளி ஒரே இடத்தில் கொட்டிக்கொண்டிருந்தன. எந்த இடத்தில்? சொல்ல வேண்டுமா?

அன்பர்களே, நான் பேயைப் பார்த்ததில்லை. ஆனால் ஒரு சின்னப் பெண்ணின் கன்னம், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கீழே இறங்குவதைப் பார்த்தேன். என் வயதுப் பெண். காலையில் பார்த்தபோது என்னைவிட அழகாக, என்னைவிட அடக்கமாகச் சிரித்தவள். அவளுடைய இமை தொய்ந்தது. கன்னச் சதை தாடையை நோக்கி நழுவியது. கழுத்தில் ஒரு மடிப்பு விழுந்தது, அதன் கீழே இன்னொன்று விழுந்தது. கத்த வேண்டும் என்று வாய் திறந்தேன், சத்தம் வரவில்லை. இத்தனை வாய் வெட்டியவளுக்கு அந்த நேரத்தில் சொந்த வாய் உதவவில்லை.

ஓடிப்போய்க் கண்ணாடிப் பலகையைத் தள்ளினேன். நகரவில்லை. மாமா அதைத் தரையில் ஆணி அடித்து நிறுத்தியிருந்தார். திரையைத் தூக்க ஓடினால் அதற்குள் என்ன ஆகுமோ என்று பயம். வேறு வழி தெரியாமல் கண்ணாடிக்கும் சிலைக்கும் நடுவில் போய்க் கையை விரித்து நின்றேன். முதுகு சுட்டது. அங்கிருந்து ஜன்னல் எட்டும் தூரம்தான். கழுத்தைத் திருப்பிக் கீழே பார்த்துக் கத்தினேன்.

"அக்கா, மேல வாங்க. சிலை உருகுது."

கீழே என்ன நடந்தது தெரியுமா? சிரித்தார்கள்.

"இன்னைக்கு என்ன தலைப்பு வாலு?" இது பச்சையண்ணன். "உருகுதே மருகுதேவா?"

"நிஜமா அண்ணா. கன்னம் இறங்குது."

"சிலைக்கும் பசிச்சிருக்கும். ஒரு தட்டு கொண்டு போய்க் குடு." இது மாமா.

அவர்களைக் குறை சொல்வேனா? தீயணைப்புக் கருவிக்குத் தலைப்பு வைத்தவள் தீ என்று கத்தினால் யார் வருவார்கள்? நான் அழுதேன். அழுகையையும் நம்பவில்லை. நான் நன்றாக நடிப்பேன் என்று அவர்களுக்குத் தெரியும். என் கைக்கு அடியில் அந்த முகம் இருந்தது. உதடு ஒரு பக்கம் சரிந்து வாய் திறந்திருந்தது. அதற்குள்ளே அந்தச் சாய்ந்த முன்பல். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. கண்ணில் பட்டதைச் சொன்னேன்.

"அக்கா, எல்லாம் இறங்கிடுச்சு. பல்லு மட்டும் அப்படியே இருக்கு."

கீழே தட்டு விழுந்த சத்தம் கேட்டது. அந்தப் பல் மெழுகு இல்லை என்று அக்காவைத் தவிர அதுவரை யாருக்கும் தெரியாது. எந்தக் குறும்புக்காரியாலும் அதைக் கற்பனை செய்திருக்க முடியாது.

அக்கா ஓடிவந்த வேகத்தில் படிக்கட்டு அதிர்ந்தது. பின்னாலேயே எல்லோரும். மாமா பலகையின் ஆணியைப் பிடுங்கினார், பச்சையண்ணன் திரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னலோடு ஜன்னலாக நின்றுவிட்டார். அக்கா மட்டும் மெதுவாக வந்தார். அழவில்லை. திட்டவில்லை. உள்ளங்கையை அந்தத் தாடைக்கு அடியில், படாமல், கொஞ்சம் தள்ளி வைத்தார். காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பது போல.

"இவ இன்னும் சூடா இருக்கா," என்றார்.

அவ்வளவுதான். காய்ச்சலில் போன தங்கை, நாங்கள் காட்டிய வெயிலில் இரண்டாவது முறை போனாள் என்றுதான் எனக்குப் பட்டது. நான் மிகையாகப் பேசுகிறேனா? அங்கே நின்றிருந்தால் நீங்களும் இதையேதான் சொல்லியிருப்பீர்கள்.

சாயங்காலம் மெழுகு ஆறிய பிறகு அக்கா தன் கருவிகளை எடுத்தார். செதுக்கும் கத்தியைச் சாராய விளக்கில் காட்டினார். கன்னத்தை மேலே ஏற்றிவிடலாம், மடிப்பை வழித்துவிடலாம், நாளைக்குள் பழையபடி ஆக்கிவிடலாம் என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். கத்தியைக் கன்னத்தருகே கொண்டு போனார். கை நின்றுவிட்டது.

"எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியலை," என்றார். "பழைய முகம் எனக்கு ஞாபகத்துல இருந்துச்சு. இப்ப கண்ணை மூடினா இந்த முகம்தான் வருது."

பச்சையண்ணன் சொன்னார்: "அம்மாவை நாளைக்கு வரவேண்டாம்னு சொல்லிடலாமா? மண்டபத்துல தண்ணி வரலை, கரண்டு இல்லை, ஏதாவது."

"இத்தனை வருஷம் கழிச்சு ஒரு தடவை வரேன்னு சொல்லியிருக்காங்க அண்ணா. வேண்டாம்னா அப்புறம் வரவே மாட்டாங்க." அக்கா ஒரு வெள்ளைத் துணியை எடுத்து அந்தத் தலையின் மேல் போட்டார். "உடைஞ்சு போச்சுன்னு சொல்லிக்கிறேன்."

தண்ணீர் வேண்டாம், நன்றி. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பாருங்கள் ஐயா, இனி அதிக நேரமில்லை. வெயிலும் இறங்க வேண்டும், நானும் இறங்க வேண்டும்.

இன்று காலை. மண்டபம் திறப்பதற்கு முன்பே அக்காவின் அம்மா வந்துவிட்டார். துணி பிரித்துத் தைக்கும் கடையில் வேலை பார்ப்பவர். ஒல்லியான உருவம், கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்குகிறது. கழற்ற மறந்து வந்திருக்கிறார். நான் ஏணியில் நின்று என் வாய்களைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அக்கா அம்மாவின் கையைப் பிடித்து, "ஒண்ணு செஞ்சேன்மா, உடைஞ்சு போச்சு, வாங்க மத்தவங்களோடதைப் பார்க்கலாம்" என்று இழுக்கிறார். அம்மா நகரவில்லை. துணி போட்ட பீடத்தையே பார்க்கிறார்.

"எதுக்கு மூடி வெச்சிருக்கே?"

"அது வந்து... நல்லா வரலைம்மா."

"நான் தெச்சது நல்லா வரலைன்னா மூடியா வைக்கிறேன்? பிரிச்சுத்தானே பார்க்கிறேன்."

சொல்லிக்கொண்டே போய்த் துணியை எடுத்துவிட்டார்.

வாசலில் பச்சையண்ணன், அவருக்குப் பின்னால் மாமா, அசையவில்லை. போய்விடுவார், இப்போதே திரும்பிவிடுவார், இனி மகளோடு பேசவே மாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அம்மா பார்த்தார். நெற்றியைப் பார்த்தார். தொங்கிய இமையைப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார். சரிந்த உதட்டுக்குள் குனிந்து பார்த்தார். பல்லைப் பார்த்துவிட்டார்.

"வயசாயிருச்சே இவளுக்கு," என்றார்.

அன்பர்களே, அதிர்ச்சி என்ற சொல்லை நாம் எதற்கெல்லாமோ செலவு செய்கிறோம். மின்கட்டணம் வந்தால் அதிர்ச்சி, மதிப்பெண் வந்தால் அதிர்ச்சி. அந்தச் சொல்லுக்கு உண்மையான பொருள் அந்த நொடியில்தான் எனக்குத் தெரிந்தது. அந்தத் தாயின் குரலில் அழுகை இல்லை. வெகுநாள் கழித்து வந்த மகளை வாசலில் பார்த்து ஒருவர் சொல்வாரே, அந்தக் குரல்.

"கழுத்துல ரெண்டு மடிப்பு விழுந்திருக்கு பாரு. எங்கம்மாவுக்கும் இப்படித்தான்." பிறகு கொஞ்சம் பின்னால் சாய்ந்து, கடையில் துணியைப் பார்ப்பது போல் பார்த்தார். "ஆனா கொஞ்சம் அதிகமாவே ஆக்கிட்டியேடி. எனக்குத் தங்கச்சி மாதிரி இருக்கா."

அக்கா அழ ஆரம்பித்தார். "அம்மா, நான் ஆக்கலைம்மா. வெயில்ல உருகிடுச்சு. நான் சின்னவளாத்தான் செஞ்சேன். சரி பண்ணிடறேன்மா. ஐயா வெண்கலத்துல வார்த்துத் தரேன்னிருக்காரு. அந்தப் பழைய முகத்தையே கொண்டு வந்துடறேன்."

"எதுக்கு?"

"வெண்கலம்னா நூறு வருஷம் நிக்கும்மா. மாறவே மாறாது."

"அதான் எதுக்குன்னு கேக்கிறேன்." அம்மா ஒரு நாற்காலியை இழுத்து அந்தத் தலைக்கு எதிரில் உட்கார்ந்தார். "போட்டோவை எல்லாம் ஏன் உள்ளே வெச்சேன்னு இத்தனை வருஷத்துல நீ ஒரு நாளாவது கேட்டியா? மறக்கவா வெச்சேன்? சுவத்துல அவ அப்படியே நிக்கிறா. நான் மட்டும் நரைச்சுக்கிட்டே போறேன். ஒவ்வொரு வருஷமும் அவளை விட்டுத் தள்ளித் தள்ளிப் போறேன். பார்க்க முடியலைடி."

அளவு நாடாவை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தார்.

"அவ யூனிபார்ம்ல ஓரத்துல நாலு விரல் துணி உள்ளே மடிச்சு விட்டிருந்தேன். வளர்வா, பிரிச்சு விடலாம்னு. பிரிக்கவே இல்லை. இன்னும் அப்படியே இருக்கு." அந்த மெழுகுக் கழுத்தின் மடிப்பைத் தொடாமல் காட்டினார். "இப்பதான் பிரிச்சிருக்கு."

தாய்மார்களே, நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வது தெரிகிறது. துடையுங்கள். நான் ஏணியிலிருந்து இறங்க மறந்து, இறங்கும் வழியும் மறந்து, என் காகித வாய் ஒன்றைக் கசக்கிக் கையில் உருண்டையாக்கியிருந்தேன்.

"உலோகம் வேண்டாம்," என்றார் அம்மா. "உலோகமாக்கினா அப்புறம் அவளுக்கு வயசே ஆகாது. மெழுகாவே வீட்டுக்குக் குடு. சமையல்கட்டு ஜன்னல் பக்கத்துல வைக்கிறேன். ஒரே மத்தியானத்துல இவ்வளவு வயசு போதும். இனிமே என்கூடவே மெதுவா ஆகட்டும்."

அக்கா என்ன செய்ய வேண்டும்? சொல்லுங்கள். ஒரு பக்கம் வெண்கலம். கனவிலும் தயக்கத்தோடு வரும் வெண்கலம். இந்த மேடையில், உங்கள் முன்னால், தலைவர் வாயால், அறிவிக்கப்பட வேண்டிய வெண்கலம். 'சிற்பி' என்று ஊர் அழைக்கப்போகும் ஒரே வாய்ப்பு. மறுபக்கம் ஒரு நாற்காலியில், கழுத்தில் நாடாவோடு, பல வருடம் கழித்துத் தன் சின்ன மகளோடு எதிரெதிராக உட்கார்ந்திருக்கும் தாய். கலைஞர் எதற்காகப் படைக்கிறார்? நிற்பதற்கா, நெகிழ்வதற்கா? காலத்தை வெல்வதற்கா, காலத்தோடு நடப்பதற்கா?

அக்கா கண்ணைத் துடைத்தார். "வெயில் நேரா படக்கூடாதும்மா. அடுப்புக்குப் பக்கத்துல வைக்கக்கூடாது. தூசி விழுந்தா தொட்டுத் துடைக்காதீங்க, ஊதணும்," என்றார்.

"அதெல்லாம் எனக்குச் சொல்லாதே. புள்ள வளர்க்கத் தெரியாதா எனக்கு?" என்றார் அம்மா.

தலைவரிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அவர் முதலில் என்னைப் பார்த்து, "இதுவும் உன் விளையாட்டா" என்றார். பிறகு மேலே வந்து அந்த முகத்தைப் பார்த்தார், அதன் எதிரில் இருந்த முகத்தைப் பார்த்தார். "வெண்கலம் வேண்டாம்னு என்கிட்ட சொன்ன முதல் ஆள் நீங்கதாம்மா," என்றார். பிறகு, "தூக்கிட்டுப் போறதுக்காவது என்னை விடுவீங்களா?" என்றார். கொதிக்கும் உலோகத்தைக் குலுங்காமல் தூக்கிப் பழகிய கை அது. இன்று அந்தக் கை ஒரு பலகையில் மெழுகைச் சுமக்கப்போகிறது.

ஐயா, நீங்கள் இப்போதே எழுந்து மேலே போகலாம். மேடையை நான் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் நாற்காலியையும் பார்த்துக்கொள்கிறேன். சுழற்ற மாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்க முடியாது.

இனி என் அருமைப் பெருமக்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். படி இறங்கியதும் முற்றம். முற்றத்தின் கடைசியில் வாசல், வண்டி அங்கேதான் நிற்கிறது. உள்ளே வர வழியில்லை, வெயில் தாழும்வரை நிற்கவும் மாட்டாராம் வண்டிக்காரர். நடுவில் இருப்பது என்ன? வெயில். நேற்று நாங்கள் ஆளுக்கொரு பக்கம் அழைத்து வந்தோமே, அதே வெயில்.

நேற்று வெளிச்சத்துக்காக முண்டியடித்தோம். இன்று நிழலுக்காக ஒன்றுசேர்வோம். நேற்று என் படம், என் பலகை, என் வாய் என்று நின்றோம். இன்று அவள் கன்னம், அவள் கழுத்து, அவள் வயது என்று நிற்போம். பச்சையண்ணன் கழற்றிய அதே திரையைத் தோளில் போட்டுக்கொண்டு படிவாசலில் நிற்கிறார். ஒரு முனை அவர் பிடிப்பார், மறுமுனை மாமா பிடிப்பார். மாமா தன் கடையிலிருந்து, முடிவெட்டும்போது போர்த்தும் துணிகள் அத்தனையையும் கொண்டுவந்திருக்கிறார். துவைத்துத்தான் கொண்டுவந்தேன் என்று என் பக்கம் கை காட்டுகிறார், நம்புங்கள். நான் என் காகித வாய்களை எல்லாம் அறுத்து எடுத்துவிட்டேன். விசிறிக்கொண்டே பக்கத்தில் நடப்பேன். அந்த வாய்கள் உருப்படியாக ஒரு வேலை செய்வது இதுவே முதல்முறை.

ஆனால் முற்றம் நீளம், ஒரு திரை போதாது. குடை வைத்திருப்பவர்கள் குடை விரியுங்கள். துப்பட்டா உள்ளவர்கள் துப்பட்டா, துண்டு உள்ளவர்கள் துண்டு, ஒன்றும் இல்லாதவர்கள் உள்ளங்கை. படியிலிருந்து வாசல்வரை இருபுறமும் நின்று, தலைக்கு மேலே பிடியுங்கள். யாரும் தொட வேண்டாம். கைப்பேசி விளக்கைப் போட வேண்டாம். அவள் கடக்கும்போது அவளுடைய முன்பல்லைப் பாருங்கள். பக்கத்தில் அளவு நாடாவோடு நடந்துவரும் முகத்தையும் பாருங்கள். எது அம்மா, எது மகள் என்று ஒரு கணம் குழம்புவீர்கள். அந்தக் குழப்பம்தான் இந்தக் கண்காட்சியின் தலைசிறந்த படைப்பு. அதற்கு அட்டை எழுத எனக்குத் துணிச்சல் இல்லை.

நன்றி சொல்லத்தான் ஏறினேன். வெண்கலம் தர வந்து வெறுங்கையோடு எழுந்த தலைவருக்கு நன்றி. வெண்கலத்தை விட்டுக்கொடுத்த மெழுகக்காவுக்கு நன்றி. சிற்பி என்று இனி யாராவது அவரை அழைக்கத் தயங்கினால் அந்த ஆள் என்னிடம் வரட்டும். எங்களைத் திட்டாமல் மன்னித்த, இல்லை, மன்னிக்க எதுவும் இருப்பதாகவே நினைக்காத அந்தத் தாய்க்கு நன்றி. என் கதையை இன்று நம்பிய உங்களுக்கு, எல்லோரையும் விட அதிக நன்றி.

அதோ, படியில் முதல் காலடிச் சத்தம். நன்றி சொல்லு, இறங்கிடு என்றார் தலைவர். சொல்லிவிட்டேன், இறங்குகிறேன். எழுந்திருங்கள், குடைகளை விரியுங்கள். அனைவருக்கும் வணக்கம்.